பந்தி வஞ்சனை

வடிவம்மையம்மாவின் மடத்தில் பத்து வருஷமாகப் பந்தி பரிமாறுகிறவர் சடையாண்டி. ஐம்பது தாண்டிய ஆள். கொதிக்கிற சாம்பார் வாளியோடு ஓடினாலும் ஒரு சொட்டு சிந்த மாட்டார். அன்றைக்கு என்னவோ தண்ணீர்ச் செம்பே அவர் கையில் தளும்பியது.

காரணம் இல்லாமல் இல்லை. விறகுக் கொட்டகையில் அவருடைய தம்பி முத்திருளன் ஒளிந்திருந்தான். லாரி டிரைவர். பெரிய ரோட்டில் யாரோ ஒரு முதியவர் மேல் வண்டியை மோதிவிட்டு, நிறுத்தாமல் ஓடி வந்துவிட்டான். "அண்ணே, என்னைக் காட்டிக் கொடுத்துறாதே" என்று காலைக் கட்டிக்கொண்டு அழுதான். கூடப்பிறந்த பாசம் விடுமா? "தம்பிக்குக் காய்ச்சல்மா, ரெண்டு நாள் படுத்துட்டுப் போகட்டும்" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டார் சடையாண்டி. இத்தனை வருஷத்தில் அவர் அம்மாவிடம் சொன்ன முதல் பொய் அது.

காலையில் பூக்காரி வந்தாள். "சாமி, ஊருக்குள்ள மஃப்டி போலீஸ் சுத்துதாம்ல!"

பால் கொண்டுவந்தவர், "யாரோ சிஐடியாம்" என்றார்.

பஸ் நிறுத்தத்தில் நின்ற பயல்கள், "டேய், மாமா வந்திருக்காருடா" என்று போலீஸைக் கேலி பேசிச் சிரித்தார்கள். பள்ளிக்கூட வாத்தியாரோ, "துப்பறியிற அதிகாரி ஒருத்தர் வந்திருக்காராம்" என்று தணிந்த குரலில் சொல்லிவிட்டுப் போனார்.

சடையாண்டியின் நெஞ்சுக்குள் ஆளுக்கொரு உருவம் எழுந்தது. மஃப்டி என்றால் ஒட்ட வெட்டிய முடி, முறுக்கு மீசை. சிஐடி என்றால் கறுப்புக் கண்ணாடி. அதிகாரி என்றால் மடிப்புக் கலையாத சட்டை. ஒரே ஆளை ஊர் நாலு விதமாகச் சொல்கிறது என்று அவருக்குத் தோன்றவே இல்லை. ஒரு பட்டாளமே மடத்தை வளைத்துவிட்டதாக நினைத்தார். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்தானே!

மத்தியானம் பந்தி உட்கார்ந்தது. அந்த மடத்தில் வந்தவரை யார், எவர் என்று கேட்கக் கூடாது. ஜமீன்தாரானாலும் பிச்சைக்காரரானாலும் எல்லாரும் 'சாமி'தான். ஓர் இலைக்குக் கூடுதலாக, ஓர் இலைக்குக் குறைவாக வைத்தால் அது பந்தி வஞ்சனை. திருட்டைக்கூட அம்மா மன்னிப்பார், அதை மன்னிக்க மாட்டார்.

வரிசையின் நடுவில் ஒருவர் விறைப்பாக உட்கார்ந்திருந்தார். ஒட்ட வெட்டிய முடி, முறுக்கு மீசை. மஃப்டி இவர்தான் என்று சடையாண்டி முடிவு கட்டினார்.

இலைக்கு ஒரு வடைதான் கணக்கு. மீசைக்காரருக்கு மூன்று விழுந்தது. நெய்யும் ஓடியது.

"போதும் சாமி, போதும்! இதென்ன இப்படி?" அந்த மனுஷர் கூச்சத்தில் நெளிந்தார்.

பக்கத்து இலையில் மஞ்சள் பையோடு ஒரு நோஞ்சான் ஆள். தன் ஒற்றை வடையைப் பார்த்தார். அடுத்த இலையைப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து சடையாண்டியின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார்.

கை கழுவுகிற இடத்தில் அவர் சடையாண்டியின் பக்கத்தில் மெதுவாக வந்து நின்றார்.

"மீசைக்காரர் ஆட்டு வியாபாரி சாமி. நேர்த்திக்கடனுக்கு வந்திருக்காரு. அவருக்கு எதுக்கு மூணு வடை?"

சடையாண்டி செம்பை எடுத்து அவர் கையில் தண்ணீர் ஊற்றினார்.

"யாருன்னு நெனச்சுப் பயந்தீங்களோ, அந்த ஆளு நான்தான். உங்க தம்பி எங்கே?"

சடையாண்டியின் பார்வை விறகுக் கொட்டகைப் பக்கம் போய்த் திரும்பியது.

"சரி. முற்றத்துல நிக்கிறேன். யோசிச்சுட்டு வாங்க."

சடையாண்டி சமையற்கட்டுக்கு ஓடினார். அம்மா சோற்றுப் பானையின் அடியைச் சுரண்டிக்கொண்டிருந்தார். அப்படியே அவர் காலில் விழுந்து எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தார் சடையாண்டி.

"பொய் சொல்லிட்டேம்மா. பாவி நான், உங்ககிட்டயே பொய் சொல்லிட்டேன்."

"காய்ச்சல் உனக்குத்தான்னு அன்னைக்கே தெரியும்" என்றார் அம்மா. "எழுந்திரு. வடையை என்னத்துக்கு அப்படி அள்ளி வச்சே?"

"பயம்மா. இப்ப நான் என்ன செய்யட்டும்? வந்திருக்கிறது ஏட்டா, இன்ஸ்பெக்டரா? லோக்கல் ஸ்டேஷனா, கிரைம் பிராஞ்சா? ஏட்டுன்னா கையில கால்ல விழுந்து பாக்கலாம். பெரிய அதிகாரின்னா வக்கீலைத்தான் தேடணும். ஆளு யாருன்னு தெரிஞ்சாத்தானே அதுக்குத் தக்கபடி பேச முடியும்?"

அம்மா கரண்டியைக் கீழே வைத்தார்.

"காலையில இருந்து அந்தப் போலீஸுக்கு இத்தனை பேரைக் கேட்டு வச்சிருக்கியே சடையாண்டி. அடிபட்ட பெரியவருக்கு என்ன பேரு?"

"பேரா?" என்று திருப்பிக் கேட்டார் சடையாண்டி.

"உசிரோட இருக்காரா?"

"தெரியலம்மா. அவனும் சொல்லல." அவர் தலை குனிந்தது. "நானும் கேக்கல."

அம்மா எழுந்து, கொட்டகைப் பக்கம் போகிற கதவைத் திறந்துவிட்டார்.

"முற்றத்துல நிக்கிறவருக்குத் தெரியும். தம்பியையும் கூட்டிட்டுப் போய்க் கேளு."