ஒற்றைக் கண்ணை மூடி ஓடிய சருகுமான்

கருங்கல் மலையின் அடிவாரத்தில் ஒரு சருகுமானும் ஒரு முயலும் அத்திப்பழம் பொறுக்கித் தின்றுகொண்டிருந்தன. சருகுமானின் பெயர் குழலி. முயலின் பெயர் வெடுக்கன். ஆற்றங்கரையில் மேய்ச்சல் காய்ந்துபோனதால், அன்று காலையில்தான் இருவரும் இங்கே வந்து சேர்ந்தார்கள்.

வெடுக்கனுக்கு அது புது இடம். குழலிக்கோ பிறந்த இடம்.

"பழத்தைத் தின்னாமல் மலையையே பார்த்துக்கொண்டிருக்கிறாயே!" என்றான் வெடுக்கன்.

"நானும் என் அண்ணன் கடம்பனும் இங்கேதான் வளர்ந்தோம். அந்தப் பாறையில் எத்தனை முறை வழுக்கி விழுந்திருப்போம்! ஒரு மழைக்காலத்தில் காட்டாற்று வெள்ளம் அவனைக் கொண்டுபோய்விட்டது. அதற்கப்புறம் நான் இந்தப் பக்கமே வரவில்லை" என்றாள் குழலி.

அப்போது புதர் சலசலத்தது. கூட்டத்தைப் பிரிந்த செந்நாய் ஒன்று நாக்கைத் தொங்கவிட்டுக்கொண்டு வெளியே வந்தது.

"ஆகா! இன்றைக்கு எனக்கு இரட்டை விருந்து!"

இருவரும் பிடித்தார்கள் ஓட்டம். உச்சி வெயிலில் கண் கூசியது. மலையைச் சுற்றிச் சுற்றி ஓடியும் செந்நாய் விடுவதாயில்லை.

"அங்கே ஒரு குகை இருக்கிறது, வா!" என்று கத்தினாள் குழலி. "இப்போதே ஒரு கண்ணை மூடிக்கொள்!"

"உயிர் போகிற நேரத்தில் விளையாட்டா? இரண்டு கண்ணும் திறந்திருந்தே கால் இடறுகிறது!" என்றான் வெடுக்கன்.

அது விளையாட்டில் கற்றதுதான். சின்ன வயதில் அந்தக் குகைக்குள் குழலியும் கடம்பனும் ஒளிந்து பிடித்து ஆடுவார்கள். வெயிலிலிருந்து உள்ளே பாய்ந்த மறுகணமே கடம்பன் அவளைக் கண்டுபிடித்துவிடுவான். அவளுக்கோ நெடுநேரம் எதுவுமே தெரியாது. தோற்றுத் தோற்று ஒரு நாள் அழுதுவிட்டாள். "அழாதே, அசடு! வெளியே நிற்கும்போதே ஒரு கண்ணை மூடி வைத்துக்கொள். அது அங்கேயே இருட்டுக்குப் பழகிவிடும். உள்ளே வந்ததும் திற!" என்று காதோடு சொன்னான் அண்ணன்.

குழலி ஒற்றைக் கண்ணோடு ஓடினாள். ஒரு பக்கம் உலகமே இல்லாத மாதிரி இருந்தது. முள் கீறியது, கல்லில் முட்டி சிராய்த்தது. ஆனாலும் மூடிய கண்ணை அவள் திறக்கவில்லை.

இருவரும் குகைக்குள் பாய்ந்தார்கள்.

"ஐயோ! ஒன்றுமே தெரியவில்லை! நான் வெளியே போகிறேன்!" என்று அலறினான் வெடுக்கன்.

குழலி மூடியிருந்த கண்ணைத் திறந்தாள். மங்கலாகச் சுவர் தெரிந்தது. நடுவில் தண்ணீர் தேங்கிய பள்ளமும், அதன் ஓரமாகக் குறுகலான பாறைத் தடமும் தெரிந்தன.

"போகாதே! உன் மூக்கை என் முதுகில் ஒட்டி வை. நான் நடக்கிற வழியிலேயே நட!"

மூக்கை ஒட்டியபடியே வெடுக்கன் அவள் பின்னால் போனான். பள்ளத்தைச் சுற்றிக்கொண்டு இருவரும் மறுபுறம் சேர்ந்தார்கள்.

செந்நாய் வாசலுக்கு வந்தது. "உள்ளேயா போனீர்கள்? நல்லதாய்ப் போயிற்று! இனி எங்கே ஓடுவீர்கள்?" என்று சிரித்தது. உள்ளே ஒரே கும்மிருட்டு. கொஞ்சம் நின்றிருந்தால் அதன் கண்ணும் தெளிந்திருக்கும். பசி அதை நிற்க விடவில்லை. ஒரே பாய்ச்சல்!

தொபுக்கடீர்!

"ஐயையோ! தண்ணீர்! தண்ணீர்!" என்று ஊளையிட்டுத் தத்தளித்தது. எப்படியோ கரையேறி, அதன் கண்ணுக்குத் தெரிந்த ஒரே வெளிச்சமான வாசலை நோக்கி, வாலைக் கவட்டுக்குள் இடுக்கிக்கொண்டு ஓடியே போய்விட்டது.

குகை அமைதியானது. சற்று நேரம் கழித்து வெடுக்கன் கூவினான். "குழலி! எனக்கும் சுவர் தெரிகிறதே! அட, வௌவால்கூடத் தெரிகிறது! யார் விளக்கு வைத்தார்கள்?"

"யாரும் வைக்கவில்லை. உன் கண்ணுக்குப் பழகக் கொஞ்சம் நேரம் வேண்டியிருந்தது, அவ்வளவுதான்" என்றாள் குழலி.

மூலையில் ஒரு தட்டைக் கல் இருந்தது. மழை நாட்களில் கடம்பன் அதில் சுருண்டு படுப்பான். வாசல் பக்கத்துக் குளிரைத் தன் முதுகில் வாங்கிக்கொண்டு, தங்கைக்கு உட்புறம் இடம் விடுவான். குழலி மெல்லப் போய் அந்தக் கல்லில் கன்னத்தை வைத்துக்கொண்டாள். வெடுக்கன் பக்கத்தில் வந்து ஒட்டிப் படுத்துக்கொண்டான்.

இருட்டில் பதறுகிறவனுக்குக் குழி, பொறுக்கிறவனுக்கு வழி.