நல்லமணி வண்டிக்குச் சத்தம் வாங்கிய கதை

டவுனில் ஒரு பிக்கப் வண்டியை நம்பி மூன்று அறிவாளிகள் பிழைத்துக்கொண்டிருந்தார்கள். நல்லமணி வண்டி ஓட்டுவான். மொக்கைச்சாமி கூடைகளை ஏற்றி இறக்குவான். சடையாண்டி யோசிப்பான். மூன்றிலும் ஆபத்தான வேலை சடையாண்டியுடையதுதான்.

வண்டி, நல்லமணியின் மாமனார் சோலைமலை பெண்ணோடு சேர்த்துக் கொடுத்தது. அவருக்குக் கோணமேட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு செங்கல் சூளை இருந்தது. பங்குனித் திருவிழாவுக்குள் பூ லோடு பிடிக்காவிட்டால் வண்டியைச் செங்கல் சுமக்கச் சூளைக்கே எடுத்துக்கொள்வேன் என்று அவர் சொல்லியிருந்தார். பெண்ணைத் திரும்ப எடுத்துக்கொள்வதாகச் சொல்லவில்லை. அவருக்கும் விவரம் உண்டு.

பூ லோடு கோணமேட்டில் இருந்தது. அங்கே பூ விவசாயிகளுக்கெல்லாம் தலைவி பெருமாயி. விடியலில் பூப்பறிக்கும்போது எவன் வண்டிச் சத்தம் முதலில் காதில் விழுகிறதோ, அவனுக்குத்தான் கூடை என்பது அவள் சட்டம். தவசி என்பவனின் வண்டி மூன்று வயல் தாண்டி வரும்போதே உறுமும். நம் ஆட்களுடைய வண்டியோ பூனை மாதிரி வந்து நிற்கும். அதற்குள் கூடைகள் தவசியோடு டவுனுக்குப் போயிருக்கும்.

ஆகவே சைலன்சரை மாற்றிச் சத்தத்தைக் கூட்டுவது என்று முடிவாயிற்று. செலவு மட்டும் கூடக்கூடாது.

ஜபருல்லா பாயின் பழைய சாமான் கடைக்குப் போனார்கள். விஷயத்தைக் கேட்ட பாய், ஹார்ன் என்று ஒன்று இருக்கிறதே, அதை அடித்தால் என்ன என்றார். சடையாண்டிக்கு அவர்மேல் இரக்கம் வந்துவிட்டது.

"ஹார்ன் அடிச்சா ஆளு விலகிப் போவான் பாய். எங்களுக்கு ஆளு கிட்ட வரணும்."

பாய் உள்ளே போனார். புதியது ஒன்று, லாரியில் கழற்றியது ஒன்று, துருப்பிடித்தது ஒன்று என மூன்று சைலன்சர்களை எடுத்துப் போட்டார். நன்றாகக் கேட்டுப் பார்த்து எடுங்கள், பிறகு மாற்றித் தரமாட்டேன் என்றார்.

கேட்டுப் பார்த்தார்கள். ஒவ்வொன்றையும் தூக்கிக் காதில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்கள். ஒன்றும் கேட்கவில்லை. ஊதினால் கேட்கும் என்று மொக்கைச்சாமி லாரிக் குழாயில் வாய் வைத்து ஊதினான். உள்ளிருந்த கரி அவனுக்கு நல்ல மீசை ஒன்றை வரைந்தது. சத்தம் மட்டும் வரவில்லை.

"மூணும் ஒண்ணுபோலச் சும்மா இருக்கு," என்றான் நல்லமணி.

"சும்மா இருக்குறதுக்கு எதுக்கு மாப்ள கூடக் காசு?" என்றான் சடையாண்டி.

துருப்பிடித்தது வாங்கப்பட்டது. அதில் நாலைந்து ஓட்டைகள் இருந்தன. அவற்றுக்குத் தனியாக விலை சொல்லாத பாயின் நேர்மையைப் பாராட்டிவிட்டு, அதை மாட்டி வண்டியை எடுத்தார்கள். வண்டி இடி இடித்தது. மூவருக்கும் கண் கலங்கியது. சத்தத்தால் பாதி, புகையால் பாதி.

சடையாண்டி எதையும் சோதிக்காமல் விடுபவன் இல்லை. மொக்கைச்சாமியை வண்டிக்குப் பின்னால் நிறுத்திக் கேட்டான், பிரமாதம் என்றான் மொக்கைச்சாமி. முன்னால் நிறுத்திக் கேட்டான், கொஞ்சம் குறைவு என்றான் அவன். சடையாண்டியின் முகம் இருண்டது.

"சத்தம் பின்பக்கமா வருது மாப்ள. நாம கோணமேட்டுக்குப் போறப்ப அது டவுனைப் பாத்துப் போகும். காசு போட்டது நாம, கேக்குறது டவுன்காரன்."

குழாயை முன்பக்கம் திருப்பித் தரச் சொல்லி மறுபடி பாயிடம் போனார்கள். பாய் அப்போது சாப்பிட உட்கார்ந்திருந்தார்.

"குழாயத் திருப்ப முடியாது. வேணும்னா வண்டியத் திருப்பி ஓட்டிக்கிட்டுப் போங்கப்பா," என்றார்.

இவ்வளவு எளிய வழி தனக்குத் தோன்றவில்லையே என்று சடையாண்டி வெட்கப்பட்டான்.

மறுநாள் விடியலில் வண்டி ரிவர்சில் கோணமேட்டுக்குக் கிளம்பியது. ரிவர்ஸ் எடுத்தால் பின்னால் ஓர் ஆள் நின்று "வரட்டும், வரட்டும்" என்று சொல்ல வேண்டும். அதுதானே முறை. அந்த ஆள் "போதும்" என்று சொல்லும்வரை ஓட்டுபவன் நிறுத்தக் கூடாது. ஆகவே மொக்கைச்சாமி வண்டியைப் பார்த்தபடியே பின்னோக்கி நடந்து, வழி நெடுக "வரட்டும்" சொன்னான். நல்லமணி கண்ணாடியில் மொக்கைச்சாமியைப் பார்த்தான். வண்டியின் பின்தட்டில் நின்ற சடையாண்டி ஆகாயத்தைப் பார்த்து யோசித்தான். போகும் பாதையைப் பார்க்க ஆள் மிச்சமில்லை.

சத்தம் கோணமேட்டுக்கு முதலில் போய்ச் சேர்ந்துவிட்டது. பெருமாயி கூடையோடு சாலைக்கு ஓடிவந்தாள். தூரத்தில் வண்டியின் பின்பக்கம் தெரிந்தது.

"வந்துட்டுப் போறானுக பாரு, எடுபட்ட பயலுக. ஒரு நிமிசம் நின்னா என்ன?" என்று திட்டிவிட்டு, அப்போது வந்த தவசியின் வண்டியில் கூடைகளை ஏற்றினாள்.

மொக்கைச்சாமியின் முதுகு ஊர் முகப்பிலிருந்த புளியமரத்தில் மோதியது. "போதும்" என்றான். இறங்கிப் பார்த்தால் கூடை ஒன்றும் இல்லை.

பெருமாயி நாளை ஒருநாள் பார்ப்பதாகச் சொன்னாள். வண்டி வருகிறதா போகிறதா என்று மனிதருக்குப் புரியும்படி வரவேண்டும் என்று கண்டிப்பாகவும் சொன்னாள். நல்லமணிக்குச் சூளையும் செங்கலும் கண்முன் வந்துபோயின. சடையாண்டி நிதானமாகத் தாடையைத் தடவினான்.

"இவன் 'வரட்டும்'னு சொன்னது அவங்களுக்குக் கேட்டிருந்தா, வண்டி வருதுன்னு தெரிஞ்சிருக்கும்ல? வண்டிச் சத்தத்துல இவன் சத்தம் அமுங்கிப்போச்சு."

மறுபடி பாய் கடை. மொக்கைச்சாமிக்குப் பொருத்தமாக, விலை குறைந்த சைலன்சர் ஒன்று வேண்டும் என்றார்கள். பாய் மொக்கைச்சாமியைக் கொஞ்ச நேரம் பார்த்தார். ஒன்றும் கேட்காமல் லாரிக் குழாயை எடுத்து நீட்டினார். வியாபாரி என்றால் அவர்தான்.

அடுத்த நாள் மொக்கைச்சாமி குழாயை வாயில் வைத்து "வரட்டும்" என்றதும், கோணமேட்டில் பால் கறக்க நின்ற மாடுகளெல்லாம் உதைத்தன. வண்டி வருகிறது என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. பெருமாயி ஓடிவந்து, நிற்கட்டும் என்று காத்திருந்தாள்.

வண்டி நிற்கவில்லை. நேற்று முதுகில் இடித்த புளியமரத்தை மொக்கைச்சாமி இன்று கவனமாகச் சுற்றிக்கொண்டு போனான். அனுபவம் என்பது அதுதான். மரம் இடிக்காததால் "போதும்" சொல்ல அவனுக்குக் காரணமும் இல்லை. முந்தின நாளிலிருந்து அவனுக்குக் காதும் அடைத்திருந்தது. சனங்கள் கத்திப் பார்த்துவிட்டு, கூடவே நடந்து கூடைகளை எல்லாம் வண்டிக்குள் எறிந்தார்கள். எறிந்த கூடைகளுக்கு அடியில் சடையாண்டி போய்விட்டதால், யோசிப்பதும் நின்றுபோனது.

லோடு கிடைத்துவிட்ட மகிழ்ச்சியில் நல்லமணி சிரித்தான். ஆனால் "போதும்" வரவில்லையே. பூச்சந்தை டவுனில் இருக்க, வண்டி கோணமேட்டைத் தாண்டி, கம்மாய்க்கரையைத் தாண்டி, பின்பக்கமாகவே போய்க்கொண்டிருந்தது. கடைசியில் அடுக்கி வைத்த, இன்னும் சுடாத பச்சைச் செங்கல்லில் மொக்கைச்சாமியின் முதுகு இடித்தது.

"போதும்."

வண்டி மாமனாரின் சூளை வாசலில், மல்லிகை மணக்க, இடி இடித்தபடி நின்றது. நல்லமணி மெல்ல இறங்கி நின்றான். சோலைமலை வெளியே வந்தார். வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிவந்து, குழாய்க்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, கண்ணை மூடிக் கேட்டார். பிறகு எழுந்து மருமகன் தோளில் கை வைத்தார்.

"சத்தம் நல்லாருக்கு மாப்ள. எந்தக் கடை?" என்றவர், சூளைக்கு மேலே உயர்ந்து நின்ற புகைபோக்கியை வருத்தத்தோடு அண்ணாந்து பார்த்தார். "இதுவும் இத்தனை வருசமாச் சும்மாதான் புகையை விட்டுக்கிட்டு நிக்குது. குறைஞ்ச விலையில இதுக்கும் ஒண்ணு பாத்துச் சொல்லுங்க."