கயிற்றை யாரும் விடவில்லை

நெட்டூரணிக்காரர்களை யாரும் தப்பாகப் பேசிவிடாதீர்கள், எனக்குக் கெட்ட கோபம் வரும். தங்கமான மனசுக்காரர்கள். சொன்ன சொல்லை அப்படியே செய்வார்கள். சிக்கலே அதில்தான்.

அந்த ஊர்ப் பீடி சுற்றுகிற வீட்டுப் பிள்ளைகளுக்கு எஸ்தர் டீச்சர் வருஷா வருஷம் கோடை முகாம் நடத்துவார். கூலி வாங்காமல் உழைக்க நாலு பேர் ஓடி வந்தார்கள். அவர்களுக்குத் தலைவர் தங்கப்பழம்; கூடவே சைக்கிள் கடை பிச்சையா, தையல்காரி வடிவு, பிறகு வெயிலுகந்தான். இந்த வெயிலுகந்தானுக்கு எந்த வேலையும் கிடையாது. அதனால் எல்லா வேலைக்கும் வருவான்.

"பிள்ளைகளை ஆறு மணிக்கு எழுப்பிருங்க" என்றார் டீச்சர். பாழாய்ப்போன பிள்ளைகள் ஐந்தரைக்கே எழுந்து உட்கார்ந்துவிட்டன. தங்கப்பழத்துக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. எழுந்த பிள்ளையை எப்படி எழுப்புவது? நாலு பேரும் தாலாட்டுப் பாடி, முதுகைத் தட்டிக்கொடுத்து, ஒன்று விடாமல் தூங்கவைத்து, மணி ஆறு அடித்ததும் எழுப்பினார்கள்.

ஓட்டப் பந்தயத்தன்று, "யாரும் தோத்துட்டோம்னு அழக்கூடாது" என்றார் டீச்சர். ஆகவே ஒவ்வொரு பிள்ளையையும் தனித்தனியாக ஓடவிட்டார்கள். எல்லாரும் முதல். அப்படியும் ஒரு பையன் இரண்டாவதாக வந்தான். நடுவில் ஒரு நாய் நுழைந்து முந்திவிட்டது. நாய்க்கும் பரிசு கொடுத்தார்கள், பாவம், நியாயம் நியாயம்தானே.

கடைசி நாள் கடலுக்குப் பயணம். பிள்ளைகளில் ஒருத்தரும் கடல் பார்த்ததில்லை. தங்கப்பழமும் பார்த்ததில்லை. ஆனால் தலைவர் ஆயிற்றே, வெளியே சொல்ல முடியுமா? "கடல் எப்படி மாமா இருக்கும்?" என்று மாரிச்செல்வி என்கிற சிறுமி கேட்டபோது, "நம்ம ஊர்க் குளத்தைவிடக் கொஞ்சம் பெருசு, மழை பெஞ்சா நிரம்பிரும்" என்று அடித்துவிட்டார். உள்ளுக்குள்ளே அவருக்குத்தான் பிள்ளைகளைவிட ஆசை. முந்தின நாள் ராத்திரி பொட்டுத் தூக்கம் இல்லை.

கடற்கரை ஊரில் பஸ் நின்றது. தங்கை வீட்டில் மீன்குழம்புச் சோறு எடுத்துவரக் கிளம்பிய டீச்சர், ஒரு நீளக் கயிற்றை நீட்டினார். "எல்லாரும் இதைப் பிடிச்சுக்கிட்டு நேரா நடங்க. அந்த மணல்மேட்டைத் தாண்டினா கடல். நான் வர்ற வரைக்கும் யாரும் கயித்தை விடக்கூடாது. விட்டீங்க, அடுத்த வருஷம் கடலும் கிடையாது, ஒண்ணும் கிடையாது."

தங்கப்பழம் யோசித்தார். ஒருவர் பின்னால் ஒருவராகப் போனால் முன்னால் போகிறவர் முதலில் பார்ப்பார், பின்னால் வருகிறவர் அழுவார். அதனால் கயிற்றைக் குறுக்கே பிடிக்கவைத்து, எல்லாரையும் பக்கத்துப் பக்கத்தில் நிறுத்தினார். இடது முனையில் அவரும் பிச்சையாவும், வலது முனையில் வடிவும் வெயிலுகந்தானும். படை கிளம்பிற்று.

வழி நடுவே ஒற்றைப் பனைமரம். பாதிப் பேர் இந்தப் பக்கம், பாதிப் பேர் அந்தப் பக்கம். கயிறு மரத்தில் மாட்டிக்கொண்டது. மேட்டுக்கு அப்பால் அலைச்சத்தம் கேட்கிறது.

"ஒரு பக்கத்து ஆளுங்க மரத்தைச் சுத்தி வந்தா சரியாப் போயிரும்லா மாமா" என்றாள் மாரிச்செல்வி.

"சுத்தியா? டீச்சர் நேராப் போகச் சொல்லிருக்காங்கம்மா."

"அப்ப மரத்தை வெட்டிருவோம் அண்ணாச்சி" என்றாள் வடிவு.

"வெட்டக் கை வேணும்லா? ரெண்டு கையும் கயித்துல இருக்கு" என்றார் பிச்சையா.

"ஒரு கையால பிடிச்சா ஆகாதா?"

"டீச்சர் அரைகுறையாப் பிடிக்கச் சொல்லலியே."

கடைசியில் வெயிலுகந்தான்தான் வழி சொன்னான். "இழுப்போம். மரம் வந்தா நம்மளோட வரட்டும். அதுவுந்தான் கடலைப் பாத்திருக்காது."

மரத்தைப் பார்த்துத் திரும்பி, கடலுக்கு முதுகைக் காட்டி, கண்ணை இறுக மூடி நாலு பேரும் இழுத்தார்கள். "ஐலசா! ஐலசா!" பனையா அசையும்? மூச்சு வாங்கிக் கண்ணைத் திறந்தபோது கயிற்றில் ஒரு பிள்ளையையும் காணோம்.

தங்கப்பழம் அலறினார். "ஐயோ! பிள்ளைங்க கயித்தை விட்டுட்டுதுகளே!"

"பதறாதீங்க அண்ணாச்சி" என்றாள் வடிவு. "விட்டிருந்தா கயிறு கீழ விழுந்திருக்கும்லா? கயிறு விறைப்பா நிக்குது. அப்ப யாரும் விடல."

"அப்ப பிள்ளைங்க எங்க?"

"அது வேற கேள்வி" என்றார் பிச்சையா.

போய்த் தேடலாம்தான். தேடப் போனால் கயிற்றை விடவேண்டும். கயிற்றை விட்டால் அடுத்த வருஷம் பிள்ளைகளுக்குக் கடல் கிடையாது. தங்கப்பழத்தின் கண்ணில் தண்ணீர் கொட்டியது. துடைக்கக் கை இல்லை. பிச்சையாவின் தோளில் துடைத்துக்கொண்டார்.

சோற்றுப் பானையோடு டீச்சர் வந்து சேர்ந்தார். "தங்கப்பழம்! பிள்ளைங்க எங்கய்யா?"

"அது தெரியல டீச்சர். ஆனா கயித்தை யாரும் விடல."

டீச்சருக்கு மயக்கம் வராத குறை. நல்லவேளை, அதற்குள் மணல்மேட்டின் மேலே சொட்டச் சொட்ட நனைந்த தலைகள் தெரிந்தன. ஒன்று குறையாமல் எல்லாப் பிள்ளைகளும் வந்துவிட்டன. கரையில் வலை காயப்போட்டுக்கொண்டிருந்த பெண்கள், முழங்காலுக்கு மேலே தண்ணீரில் இறங்கவிடாமல் பார்த்துக்கொண்டார்களாம்.

"மாமா! அதுக்கு அக்கரையே இல்ல மாமா!" என்று குதித்தாள் மாரிச்செல்வி.

தங்கப்பழம் அதற்குமேல் தாங்கவில்லை. "நான் இன்னும் பாக்கலியே தாயி! பிறந்ததுல இருந்தே பாக்கல!" என்று எல்லார் முன்னாலும் விம்மிவிட்டார்.

டீச்சருக்கு இருந்த கோபமெல்லாம் எங்கேயோ போய்விட்டது. "நாலு பேரும் போய்ப் பாத்துட்டு வாங்க. பஸ்ஸை நான் நிறுத்தி வைக்கேன்."

"கயிறு, டீச்சர்?"

"அதையும் கொண்டு போங்கய்யா, புண்ணியமாப் போகும்!" என்று சொல்லி, டீச்சரே ஒரு முனையைப் பிடித்துச் சுற்றிவந்து பனையிலிருந்து கழற்றிவிட்டார்.

நாலு பேரும் கயிற்றைக் குறுக்கே பிடித்தபடி, ஒருத்தருக்கு முன்னால் ஒருத்தர் பார்த்துவிடக் கூடாதென்று, கண்ணை மூடிக்கொண்டு ஓடினார்கள். பிள்ளைகள் பின்னாலேயே போய் மேட்டில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தன. கரையில், தண்ணீருக்குச் சற்று முன்னால், ஒரு மீன்பிடி வள்ளம் நின்றது. இரண்டு பேர் இந்தப் பக்கம், இரண்டு பேர் அந்தப் பக்கம். கயிறு மாட்டிக்கொண்டது.

நாலு பேரும் திரும்பினார்கள். கடலுக்கு முதுகு. கண்ணை மூடி, "ஐலசா!"

இந்தத் தடவை அசைந்தது. ஆகா, என்ன சந்தோஷம்! இழுக்க இழுக்க வள்ளம் வருகிறது, அவர்களும் பின்பக்கமாகவே நடந்து போகிறார்கள். கணுக்கால், முழங்கால், இடுப்பு. ஒரு பெரிய அலை முதுகில் மொத்தி, உச்சந்தலையில் கொட்டியது.

தங்கப்பழம் கண்ணைத் திறக்கவில்லை, கயிற்றையும் விடவில்லை. ஆத்திரத்தோடு கத்தினார்:

"ஏலே, யாருலே அது தண்ணியை ஊத்தி விளையாடுறது? நாங்களே இன்னும் கடலைப் பாக்கலியேன்னு தவிச்சுக்கிட்டு நிக்கோம்!"