மேசைக்கடியில் பாம்பு

ஏரியைத் தூர்த்துக் கட்டிய காப்பீட்டு அலுவலகம். மேனேஜர் வரதராஜுலு உட்காருமுன், காவலாளி மாசாணம் மேசைக்கடியில் பாம்பு இருக்கிறதா என்று தினமும் பார்த்தாக வேண்டும். மேனேஜர் அவ்வளவு வீரர்.

மாசாணத்துக்கும் அங்கேதான் மருத்துவப் பாலிசி. நோய்நொடி இல்லாதவருக்கு வருடாந்தரச் சோதனை இலவசம் என்றார்கள். போனார். சர்க்கரை இருந்தது.

"கண்டுபிடிச்சுட்டாங்களே! அப்போ இது நோயறியும் சோதனை. செலவு உன்னோடது," என்றார் மேனேஜர்.

"நல்லாத்தானே சார் போனேன்?"

"உனக்கெல்லாம் புரியாதுய்யா."

மறுநாள் மாசாணம் குனிந்து பார்த்தார். நிமிர்ந்து வாசலை நோக்கி நடந்தார்.

"யோவ், இருக்கா?"

"இருக்கு சார்."

மேனேஜர் மேசைமேல் தாவினார். "அடிய்யா!"

"பாக்குறதுதான் சார் இலவசம். இருந்துட்டா உங்க செலவு."

வரிசையில் நின்ற பாலிசிக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"உன் சோதனையும் இலவசம்தான்யா!" என்று அலறினார் மேனேஜர்.

"அப்போ இறங்குங்க சார். கீழே ஒண்ணுமில்லை."