தோர் இறக்காத சுமை

சொற்களுக்குக் காலும் வாயும் இருந்த அந்தக் காலத்தில், இத்தாலி நாட்டு மலைப்பாதையில் ஒவ்வொரு சொல்லும் ஒரு குடும்பமாக நடக்கும். அசைகள் வரிசையாக வருவார்கள். குடும்பத்துக்கு ஒரே சுமை. அழுத்தம் என்று பெயர்; அதைச் சுமக்கும் அசையில்தான் குரல் ஊன்றும்; பாறாங்கல் கனம். அது கீழே விழுந்தால் அந்தச் சொல் ஊமையாகிவிடும். பள்ளத்தில் வாழ்ந்த மௌனம் என்ற ஓநாய்க்கு ஊமைச் சொல்தான் இரை.

கடைசிக்கு முந்தியவர்தான் சுமக்க வேண்டும், அது மலை வழக்கம். தோர், நா என்ற அக்காளும் தங்கையும் சேர்ந்தால் தோர்நா, 'அவள் திரும்புகிறாள்'. இருவரில் முன்னால் நடந்த தோர்தான் சுமந்தாள்.

ஒருநாள் 'அவர்கள் திரும்புகிறார்கள்' என்று சொல்ல வேண்டி வந்தது. அதற்கு வாலில் ஓர் ஆள் வேண்டும். இருவரும் கயிற்றுப் பாலத்தின் நடுவில் இருக்கும்போதுதான் நோ என்பவன் மூச்சிரைக்க வந்து சேர்ந்தான்.

"வந்துட்டேன்! இப்போ கடைசிக்கு முந்தி நிக்கிறது நா. சுமையை மாத்துங்க அக்கா!"

"வந்ததும் வராததுமா நாட்டாமையாடா? அக்கரையில பேசிக்கலாம்."

"வழக்கத்தை மீறினா மலை நம்மை விடாது!"

நா கைகளை நீட்டினாள். "கொடுத்துடுக்கா. பயமா இருக்கு."

தோர் சுமையை இறக்கத் திரும்பினாள். நோவின் முதுகுக்குப் பின்னால் மௌனம் உட்கார்ந்திருந்தது. உறுமவில்லை, பாயவில்லை. சும்மா பார்த்துக்கொண்டிருந்தது.

எதற்காகக் காத்திருக்கிறது இது? தோர் கீழே பள்ளத்தைப் பார்த்தாள். எலும்புகள். மும்மூன்று பேராக, வாங்க நீட்டிய கை நீட்டியபடியே. பாலத்தில் சுமை கைமாறும்போது நழுவும், அதற்குத்தான் இது காத்திருக்கிறது.

"கையை மடக்குடி!"

"அக்கா, வழக்கம்..."

"வழக்கமா, வாய்க்கரிசியா? ஓடி வாங்க ரெண்டு பேரும்!"

சுமையைப் பிடரியோடு இறுக்கிக்கொண்டு தோர் ஓடினாள். வெறுங்கையோடு அவர்கள் இருவரும் பின்னால் ஓடினார்கள். நோவின் குதிகாலில் ஓநாயின் மூச்சு சுட்டது. சுமை விழவேயில்லை, அக்கரை வந்ததும் மௌனம் பள்ளத்துக்குள் இறங்கிப் போனது.

நா சுமையை வாங்கப் போனாள். அது தோரின் முதுகோடு ஒட்டிப்போயிருந்தது. இழுத்தால் தோலும் சேர்ந்து வந்தது.

"விடுடி, இருந்துட்டுப் போகட்டும். உயிர் மிஞ்சிச்சே."

அன்று முதல்தான் இத்தாலியர்கள் 'அவர்கள் திரும்புகிறார்கள்' என்பதை, தோர்-நா-நோ என்று முதல் அசையில் ஊன்றிச் சொல்கிறார்கள். பின்னிரண்டு அசைகளும் திரும்பிப் பார்க்காமல் ஓடுகின்றன.