பெயருக்கு இரண்டு பக்கமும் நட்சத்திரம் வந்த கதை

அந்தக் காலத்தில் நட்சத்திரங்களுக்குப் பேச வாய் இருந்தது. பகலில் அவை எங்கே போகின்றன என்று யாரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருக்கும். வெயில் ஏற ஏற ஆழமான கிணறுகளுக்குள் இறங்கித் தண்ணீரில் கிடந்து உறங்கும். கைபேசி அப்போதுதான் ஊருக்குள் வந்திருந்தது. அதோடு கூட இன்னொன்றும் வந்தது. திரையில் எழுத்தைச் சுற்றி ஒன்றும் எழுதாத வெள்ளை கிடக்கிறதே, அதுதான். அதற்கும் அப்போது பேச்சு உண்டு. ஆனால் சொந்தமாக ஒரு பெயர் கிடையாது.

முப்பிடாதிக்கு ஒரே மகள், தவக்கனி. பிள்ளை வாசலைத் தாண்டினாலே தாயும் தெருமுனை வரை பின்னாலேயே போவாள். கைக்குழந்தையில் தொடங்கிய திருஷ்டிப் பொட்டை, பெண் வளர்ந்து நின்ற பிறகும் அவள் விடவில்லை. தினமும் இடது கன்னத்தில் மையால் ஒன்று வைத்துவிடுவாள்.

ஒருநாள் தவக்கனி தன் கைபேசியில் தன் பெயரை எழுதி, ஊரே பார்க்கும்படி போட்டாள். முப்பிடாதி எட்டிப் பார்த்தாள்.

"ஏட்டி, பேரை இப்படி மொட்டையா விட்டிருக்கியே. சுத்தி எவ்வளவு வெள்ளை கெடக்கு பாரு."

"ஆமா, வெள்ளை வந்து கடிக்கப் போவுது! கைபேசிக்கும் மைப்பொட்டு வச்சிரும்மா, ஒனக்கு நிம்மதியா இருக்கும்."

மகள் சிரித்தாள். தாய்க்குச் சிரிப்பு வரவில்லை.

அடுத்த நாள் உச்சிப்பொழுது. தவக்கனி நடுவீட்டில் உட்கார்ந்து தலை சீவிக்கொண்டிருந்தாள். அவளுடைய கைபேசி ஜன்னலோரம் கிடந்தது. முப்பிடாதியின் கைபேசியில் ஒரு செய்தி வந்தது. மேலே மகளின் பெயர். கீழே, 'அம்மா, சாப்ட்டியா?'

"எதிர்ல இருந்துக்கிட்டு இது என்னட்டி வெளையாட்டு?"

"நான் எங்க அனுப்பினேன்? கையில சீப்புல்லா இருக்கு."

மறுபடியும் வந்தது. 'வெளியே வெயிலா இருக்கும்மா. உள்ள வரட்டுமா?'

முப்பிடாதி "தவக்கனி!" என்று கத்தினாள்.

மகள் திரும்பவில்லை. சீப்பு அதே மாதிரி மேலும் கீழும் போய்க்கொண்டிருந்தது. தாயின் உள்ளங்கையில் இருந்த கைபேசிதான், "என்னம்மா?" என்றது.

"யாரைம்மா கூப்பிடுத?" என்று கேட்டாள் மகள். "அது யாரு தவக்கனி?"

முப்பிடாதி கைபேசியை இரண்டு கையாலும் பிடித்தாள். "நீ யாரு?"

"உன் மக பேருக்குப் பக்கத்துல கெடந்தேன். எனக்குன்னு ஒரு பேரு இல்ல. இது காவல் இல்லாம கெடந்துது, போட்டுக்கிட்டேன். பேரு முழுசா ஒட்டிட்டா அவ இடத்துல நான் இருந்துக்கிடுவேன். ஒன்னை நல்லாப் பாத்துக்கிடுவேம்மா."

முப்பிடாதி குடத்தையும் கைபேசியையும் எடுத்துக்கொண்டு கிணற்றுக்கு ஓடினாள். குனிந்து பார்த்தாள். அடித்தண்ணீரில் நட்சத்திரங்கள் கிடந்தன. நடந்ததை அழுதுகொண்டே சொன்னாள். ஒன்றும் அசையவில்லை. கடைசியில், ஒட்டிக்கொண்டு கிடந்த இரண்டு மட்டும் கண் திறந்தன. அக்காளும் தங்கையும்.

"பேருக்குக் காவலா நாங்க வாரோம்" என்றது அக்காள். "வந்தா திரும்பி மேலே போக முடியாது. மினுங்கவும் முடியாது. அதனால சேர்ந்தேதான் வருவோம்."

"ரெண்டு எதுக்கு தாயீ? பிள்ளைக்கு ஒரு கன்னத்துலதான பொட்டு வைக்கோம்? ரெண்டு கன்னத்துலயும் வச்சா ஊரு சிரிக்காதா? ஒருத்தி போதும்."

இதுதான் அவள் செய்த பிழை. அக்காளை மட்டும் குடத்தில் மொண்டு, கைபேசியில் மகளின் பெயருக்கு இடது பக்கம் ஊற்றினாள். நட்சத்திரம் கறுத்து, அசையாமல் அங்கேயே உட்கார்ந்தது.

வீட்டுக்குள் நுழைந்து, "தவக்கனி" என்றாள் மெல்ல.

"என்னம்மா?" மகள் திரும்பிப் பார்த்தாள். முப்பிடாதி அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

விளக்கு வைக்கும் நேரம். முப்பிடாதி திரியைத் தூண்டிவிட்டு நிமிர்ந்தாள். சுவரில் மகளின் நிழல் விழுந்திருந்தது. இடது பாதி மட்டும். வலது பாதி இருக்கவேண்டிய இடத்தில் சுவர் வெள்ளையாகக் கிடந்தது. தவக்கனி வாயின் ஒரு ஓரத்தால் சிரித்தாள்.

"அம்மா, சாப்ட்டியா?"

முப்பிடாதி குடத்தையும் கைபேசியையும் தூக்கிக்கொண்டு கிணற்றுக்குச் செருப்பில்லாமல் ஓடினாள். அந்நேரம் நட்சத்திரங்களெல்லாம் கிணற்றை விட்டு மேலே போயிருந்தன. தங்கை ஒருத்திதான் தண்ணீருக்குள் சுற்றிச் சுற்றித் தேடிக்கொண்டிருந்தாள்.

"அக்கா எங்க?"

"எங்கூட வா தாயீ. காட்டுதேன்."

வலது பக்கம் தங்கையை ஊற்றும்போது வெள்ளை சும்மா இருக்கவில்லை. பெயரை விட்டு வெளியேறும் ஆத்திரத்தில் அவளை ஒரு வாய் கடித்தது. உள்ளிருந்ததெல்லாம் போய், தங்கை வெறும் ஓரக்கோடாக நின்றாள். ஆனால் நகரவில்லை.

சுவரில் நிழல் முழுதாயிற்று. தவக்கனி தூங்கி எழுந்தவள் போலக் கண்ணைக் கசக்கி, "பசிக்கும்மா" என்றாள். முப்பிடாதி சோற்றைப் போட்டு, மகள் உண்டு முடிக்கும்வரை சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கைபேசியில் பெயருக்கு இந்தப் பக்கம் அக்காள், அந்தப் பக்கம் தங்கை. ஒட்டிக் கிடந்தவர்கள் இனி ஒருநாளும் தொட்டுக்கொள்ள முடியாது. பெயர் நடுவில் இருக்கிறதே.

திரையில் எழுதுகிற பெயருக்கு இரண்டு பக்கமும் மக்கள் நட்சத்திரம் வைப்பது அன்று முதல்தான். சிலது உள்ளே நிறைந்தும் சிலது வெறும் ஓரக்கோடாகவும் இருப்பதும் அன்று முதல்தான். அழகுக்கு வைக்கிறோம் என்று பிள்ளைகள் சொல்லும், சொல்லட்டும். ஒரு பக்கம் மட்டும் நட்சத்திரம் போட்ட பெயரிலிருந்து 'சாப்ட்டியா' என்று கேட்டு வந்தால், தாய்மார் உடனே பதில் போடுவதில்லை. எழுந்து போய் முதலில் பிள்ளையின் நிழலைப் பார்க்கிறார்கள்.