உப்பில்லாக் குழம்பும் யட்சனின் சட்டமும்

பகலிலும் பனிமூட்டம் விலகாத மாயவனத்தின் நடுவே ஒரு குடிசை இருந்தது. அதில் ஊரார் விரட்டிய சமையற்காரி நீலாயியும், நிழலைத் தொலைத்த தையற்காரர் உமையொருபாகமும், தான் இறந்த நாளை மறந்துபோன பேய் ஒன்றும் ஒரே அடுப்பில் உண்டு வாழ்ந்தனர்.

ஒருநாள் மாலை, வனத்தின் அதிபதியான யட்சன் மின்மினிகள் சுமந்த பல்லக்கில் வந்திறங்கினான்.

"இரத்த உறவில்லாதவர்கள் ஒரே கூரையின்கீழ்க் குடும்பம் நடத்தினால், பொழுது சாய்ந்ததும் மரமாவார்கள். இது இன்றுமுதல் என் சட்டம். நீங்கள் உறவென்பதற்குச் சான்று உண்டா?"

"உண்டு, ஐயா. முதலில் சாப்பிடுங்கள்," என்றாள் நீலாயி.

எல்லோருக்கும் இலை போட்டு, வேண்டுமென்றே உப்பிடாத குழம்பை ஊற்றினாள்.

"நினைப்பெல்லாம் எங்கே, தங்கச்சி? உப்பே இல்லையே," என்றார் தையற்காரர்.

"எனக்கு நாக்கே கிடையாது, அக்கா. எனக்கே தெரிகிறது," என்றது பேய்.

"குழம்பா இது? கழுநீர்," என்று யட்சனும் உறுமினான்.

"இதுதான் சான்று, ஐயா. விருந்தாளி எதுவும் சொல்லாமல் உண்டு, நன்றாக இருந்தது என்று கூறி எழுவார். குறை சொல்பவர் வீட்டு மனிதர். இவர்கள் சொன்னார்கள்; தாங்களும் சொன்னீர்கள். ஆகவே தாங்களும் இக்குடும்பத்தில் ஒருவர். எங்களோடு தங்களுக்கு இரத்த உறவு உண்டா?"

வெளியே பொழுது சாய்ந்தது. எல்லோர்மீதும் மரப்பட்டை மெல்லப் படர்ந்தது. யட்சனின் காதோரம் ஒரு தளிரும் எட்டிப் பார்த்தது.

"அந்தச் சட்டத்தை இந்நொடியே நீக்கினேன்," என்றான் அவன் அவசரமாக.

பட்டை உதிர்ந்தது. யட்சன் இலையை விட்டு எழவில்லை. தணிந்த குரலில், "உப்பைக் கொண்டு வா, அம்மா," என்றான்.

"அடுப்பருகே இருக்கிறது," என்றாள் நீலாயி. "வீட்டு மனிதர்கள் தாமே எழுந்து எடுத்துக்கொள்வார்கள்."